கேஸ் இல்லை என்றீர்கள், பாவா

பாவா,

நேற்றுக் காலை மெக்கானிக் பாஷா வந்து, உங்கள் கார் ஏசியைக் கட்டி வைத்த சாக்கைப் பிரித்ததும் கூடமெல்லாம் ஜவ்வாது மணந்தது. கம்ப்ரசரையும் பைப்புகளையும் தரையில் பரப்பினார். கடைசியாக, காருக்குள் முன்சீட்டுக்கு எதிரே இருந்த குளிர்ப்பெட்டியைத் தூக்கி வைத்தார். காற்று வரும் வாய்க்குள் நீங்கள் செருகிய ஜவ்வாது முடிச்சு அப்படியே இருந்தது. நீங்கள் கண்மூடி ஓராண்டு ஆகப்போகிறது. உங்கள் வண்டியின் வாசனை இன்னும் போகவில்லை.

நகரிப் பக்கத்து ஜமீன் வீட்டில் அந்தப் பழைய வெளிநாட்டுக் காரை நீங்கள் வாங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது நம் ஊரில் ஏசி வைத்த கார் வேறு யாரிடமும் இல்லை. கரும்பு ஆலை அதிகாரிகளையும் கட்சிக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு சாமி கும்பிட மலைக்குப் போவீர்கள். ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிடுவீர்கள். "உள்ள இருக்கிற ஜில்லே மேல போற வரைக்கும் தாங்கும்" என்பீர்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா வாத்யாரே, உங்க பாவா ஐஸ் பொட்டில போறாரு, நீங்க வேர்த்துகினு மிதிக்கிறீங்க?" என்று கேட்பார். என் அக்கா வீட்டுக்காரர் என்று எனக்கு அதில் பெருமைதான்.

வகுப்பிலும் உங்கள் வண்டி எனக்குப் பயன்பட்டது. பையன்களின் புறங்கையில் ஸ்பிரிட் தடவி ஊதச் சொல்வேன். ஜில்லென்று இருக்கிறது என்பார்கள். ஆவியாகிப் போகும் எதுவும் தான் தொட்ட இடத்துச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், என் பாவா வண்டியில் நடப்பதும் இதுதான் என்று விளக்குவேன்.

வண்டி வாங்கிச் சில ஆண்டுகள் கழித்து அந்தச் சித்திரையில், சென்னை ஆஸ்பத்திரியில் இனி அக்காவை வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஓட்டினீர்கள். பின்சீட்டில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. கத்திரி வெயில். கண்ணாடியை இறக்கினால் அனல் முகத்தில் அறைந்தது, ஏற்றினால் மூச்சு முட்டியது. அக்கா எதையும் கேட்டு வாங்குகிறவள் அல்ல, உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்டாள்.

"ஏங்க, அந்த ஏசிய கொஞ்ச நேரம் போடுங்களேன்."

"எத்தினி தபா சொல்றது? கேஸ் தீந்து மாசக்கணக்காவுது."

நான் துண்டை நனைத்து அவள் நெற்றியிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டே வந்தேன். அது காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். அடுத்த வாரம் அக்கா போய்விட்டாள்.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, துக்கம் கேட்க வந்த ஆலை அதிகாரியை அரக்கோணம் ஸ்டேஷனில் விடப் போனோம். நான் பின்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் நீங்கள் ஏசிக் குமிழைத் திருப்பினீர்கள். முகத்தில் குளிர் வந்து பட்டது.

"கேஸ் போட்டுட்டீங்களா பாவா?"

"ஆங், முந்தாநேத்து. வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

நான் நம்பினேன். சில வாரங்கள் முந்திப் போட்டிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் இருந்தது. உங்களுக்கும் அது இருக்கும் என்று நினைத்து, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வயதாகி வண்டியை விற்றபோதும் ஏசியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டீர்கள். சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். போன கோடையில் நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள். மின்சாரம் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். ஒரு மதியம் என் கையைப் பிடித்து, "அத்த மட்டும் யாருக்கும் குடுத்துடாதப்பா. ராசியான சாமான்" என்றீர்கள். சரி என்றேன்.

இப்போது வண்டியை வைத்திருக்கும் சென்னைக்காரர் இந்த ஏசிக்காக அலைகிறார். அந்த மாடலுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லையாம். பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன், "மாமா, நீங்களே பாத்து முடிவு பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டான். உங்களிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என்றுதான் இருந்தேன். சாமான் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து வைக்கலாமே என்று பாஷாவைக் கூப்பிட்டேன்.

பாஷா கம்ப்ரசரின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "சூப்பரா கீது சார். வண்டி வாங்கின புதுசுல கேஸ் ஏத்திட்டு, ஏத்துற வாயோட இந்த மூடில நான் செகப்பு பெயிண்ட் வச்சேன். தொறந்தா பெயிண்ட் ஒடஞ்சிடும். பாருங்க, அப்பிடியே கீது. அதுக்கப்புறம் யாருமே தொறக்கல."

"நடுவில கேஸ் போட்டிருப்பாரே, பாய்?"

"இந்த மூடியத் தொறக்காம எப்பிடி சார் போடுறது? போடவேண்டிய வேலையே வரல. ஐயா அவ்ளோ பதனமா வச்சிருந்தாரு. சீக்காளிங்கள ஏத்துனா ஏசியே போடமாட்டாரு. அந்த வாடை குளிர்ப்பொட்டி காயில்ல புடிச்சா போவாதும்பாரு."

பாவா, இதை ஒரு கணக்குப் போல மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். பதினாறாம் நாள் குளிர் வந்தது. நடுவில் யாரும் கேஸ் ஏற்றவில்லை. அப்படியானால் அந்தச் சித்திரை மதியத்திலும் கேஸ் இருந்தது. விடை வேறு வரவில்லை. அக்காவின் உயிரை அந்தக் குளிர் காப்பாற்றியிருக்காது, அந்தப் பழியை உங்கள்மேல் போடமாட்டேன். அவள் உயிரைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்றுதான் கேட்டாள்.

பாஷா ஓராண்டு முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன். விசிறியை மடியில் வைத்துக்கொண்டே, விசிறி இல்லை பாவா என்று சொல்லியிருப்பேனோ? சொல்லியிருக்கமாட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சென்னைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். இன்று காலை வந்து எடுத்துப் போனார். அதற்கு முன்னால், நேற்றே பாஷாவிடம் சொல்லி, ஜவ்வாது முடிச்சைப் பிடுங்கி எறிந்து, பெட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் முகர்ந்து பார்த்தபோது வெறும் தகர வாடைதான் இருந்தது. வந்தவர் தடவிப் பார்த்துவிட்டு, "பெரியவர் ரொம்பப் பொறுப்பான மனுஷர் போலிருக்கு சார்" என்றார். ஆமாம், ரொம்பப் பொறுப்பு என்றேன்.

அந்த மதியத்தில் ஒன்று மிச்சமிருக்கிறது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டீர்கள். காற்று இல்லை, சத்தம் இல்லை. உங்கள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பாவம்டா அவரு. நம்மளுக்காவ அவரும் வெந்துகினு வராரு."

அது உங்கள் காதில் விழுந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். ரயில் போனது, கேட் திறந்தது, வண்டியைக் கிளப்பினீர்கள். குமிழ் உங்கள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.