முகப்பில் ஒரு பின்கதவு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் யாரும் வரவில்லை. தங்கையும் நானும் கடையில் ஈயோட்டிக்கொண்டிருந்தோம். பெரிய மருத்துவமனை ஊருக்கு வெளியே போனதிலிருந்து இதே கதைதான். முடி கொட்டிப்போனவர்களிடம் அங்கிருந்த நர்சம்மாக்கள்தான் காதோடு காதாகச் சொல்லி எங்களிடம் விக் வாங்க அனுப்புவார்கள். இனி யார் அனுப்புவார்கள்?

மழைக்காலத்துக்குள் ஆள் வராவிட்டால் கடையை மூடிவிடலாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அவளுக்குத் துணி ஆலையில் வேலை கிடைக்கும். எனக்கு? புது இடம், புது முகங்கள். "ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்று ஒருத்தர் சொன்னாலே உயிர் போய்விடும். நானும் விக் வைத்திருக்கிறேன் என்பது இத்தனை வருடமாகத் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் விக் கட்டித் தருகிறவள் காற்றைக் கண்டு நடுங்குகிறேன். சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, இணையதளம் செய்து தருகிறேன் என்கிறார். போன வருடம் ஒரு டயர் கடைக்குச் செய்தாராம், அங்கே கூட்டம் அள்ளுகிறதாம்.

"வர்றவங்களைச் சும்மா விடக்கூடாதுக்கா. உள்ள வந்ததும் பேரு, நம்பரு வாங்கிடணும். அப்புறம் நாமளே கூப்பிட்டுப் பேசி கஸ்டமர் ஆக்கிடலாம்."

கெட்டிக்காரர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். அடுத்து ஒரு குண்டைப் போட்டார்: முதல் பக்கத்தில் என் போட்டோ பெரிதாக வேண்டுமாம், முகத்தைப் பார்த்தால்தான் நம்பிக்கை வருமாம். "எனக்குப் போட்டோவே சரியா வராது மாப்பிள்ளை" என்று மழுப்பினேன். தங்கை குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9

தூக்கமில்லை. போட்டோவைப் பெரிதாக்கினால் நெற்றி ஓரத்தில் விக்கின் வலை தெரியுமா? தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

இணையதளம் திறந்தாயிற்று. என் போட்டோ இல்லை, தப்பித்தேன். கூந்தலை வீசிச் சிரிக்கிற ஒரு மாடல் பெண் இருக்கிறாள். அவளைப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு பெட்டி குதித்து வந்து பெயர் கேட்கிறது, நம்பர் கேட்கிறது. கொடுக்காமல் மேலே போக விடாது. நானே திடுக்கிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று மாப்பிள்ளை கோடு போட்டுக் காட்டினார். நிறையப் பேர். நம்பர் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

"பெட்டியைப் பாத்ததும் ஓடிடறாங்க. டயருக்கு இப்படி ஆகலையே."

"டயர் வாங்கறவன் எதுக்கு ஒளியப் போறான்?" என்றாள் தங்கை. அவர் முகம் தொங்கிப்போயிற்று. இதுவும் கைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 6, திங்கள்

ஒன்று வந்திருக்கிறது. பெயர் என்ற இடத்தில் "சொல்லணுமா?" என்று இருந்தது. நம்பர் இடத்தில் எல்லாம் பூஜ்யம்.

"யாரோ விளையாடறாங்க" என்று மாப்பிள்ளை அழிக்கப் போனார். "அழிக்காதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது, அவர் திரும்பிப் பார்த்தார்.

இது விளையாட்டா? இது பயம். எனக்குத் தெரியாதா இந்தப் பயம்? என் தலைமுடி கொட்டிப்போன வருடத்தில் ஒரு விக் கடை வாசல்வரை போய்விட்டு, ஏதோ விலாசம் தேடுகிறவள்போல நடித்துத் திரும்பியவள் நான். யாரோ ஒருத்தி கேட்டிருக்கிறாள், அவளுக்குப் பதில் சொல்ல வழியில்லை. நாங்கள்தான் அவளை விரட்டியிருக்கிறோம். பாவி நான், நானே விரட்டியிருக்கேனே —

ஏப்ரல் 7, செவ்வாய்

விக் வலையில் முடியை முடிச்சுப் போட்டுக்கொண்டே தங்கை கேட்டாள்: "ஏக்கா, விக் வாங்க யாராவது நம்ம முன்வாசல் வழியா வந்திருக்காங்களா?"

மண்டையில் உறைத்தது. முன்பக்கம் சீப்பும் கிளிப்பும் விற்பது ஒப்புக்குத்தான். விக்குக்கு வருகிறவர்கள் சந்துப் பக்கம் வந்து பின்கதவு மணியை அடிப்பார்கள். நாங்கள் பெயர் கேட்பதில்லை. ஒரு ரிப்பன் நிறத்தை எடுக்கச் சொல்வோம், அளவெடுத்த அட்டையில் அதைக் கட்டிவிடுவோம், அடுத்த முறை நிறத்தைச் சொன்னால் போதும். கண்ணாடியைத் துணியால் மூடியே வைத்திருப்போம். இதையெல்லாம் விட்டுவிட்டு இணையத்தில் மட்டும் முன்வாசலைத் திறந்துவைத்து, வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறோம்.

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். "சரி, பெட்டியைத் தூக்கிட்டு முதல் பக்கத்துல பின்கதவு படத்தைப் போடறேன். பேருக்குப் பதிலா நிறம். எந்தக் கிழமை வருவாங்கன்னு மட்டும் கேக்கலாம். ஆனா உங்களை அவங்க எதுக்கு நம்பணும்கா? அதுக்கு ஒரு பதில் வேணும்."

பதில் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 15, புதன்

முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பின்தலை மட்டும், வெறும் தலை. தங்கைதான் எடுத்தாள்.

பின்கதவுப் படத்துக்குக் கீழே அந்தப் போட்டோவை மாப்பிள்ளை வைத்தார். பிறகு, "கீழ என்னக்கா எழுதட்டும்?" என்றார்.

"'எனக்கும்தான்'னு எழுதுங்க."

ஏப்ரல் 18, சனி

"உங்க வெப்சைட் பாத்தேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "எழுத்து நல்லா பெருசா இருக்கு, கண்ணாடி போடாமலே படிச்சேன்" என்று மாத்திரையைக் கொடுத்தார். அவ்வளவுதானா? என் தலைப் பக்கமே அவர் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் பயமாக இருக்கிறது. நாளைக்கே எடுத்துவிடச் சொல்லலாமா? ஐயோ, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

எடுக்கச் சொல்லவில்லை. இன்று வந்தது: "கத்திரிப்பூ நிறம். புதன்கிழமை. மணி அடிச்சா யாராவது இருப்பீங்களா?"

ஏப்ரல் 29, புதன்

காலையிலிருந்தே பின்னறையில்தான் இருந்தேன். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. வராமல் போய்விட்டால்? வந்து அவள் அடிக்கிற மணி எனக்குக் கேட்காமல் போய்விட்டால்? சாயங்காலம் மணி ஒருமுறை, பாதியாக அடித்தது.

தலையில் துண்டு. என்னைவிடச் சின்னவள். "கதவு படத்துல இருக்கற மாதிரியே இருக்கு" என்றாள். உட்கார்ந்த பிறகு, "முன்ன ஒருதடவை நம்பர்ல எல்லாம் பூஜ்யம் போட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். நான் என் விக்கைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவள் துண்டை அவிழ்த்தாள். பிறகு டேப்பை எடுத்து அளவெடுத்தேன்.

போகும்போது, நான் கேட்காமலே, தன் பெயரைச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 11, வியாழன்

தங்கை ரிப்பன் வாங்கப் போயிருக்கிறாள், இருந்த நிறமெல்லாம் தீர்ந்துவிட்டது. துணி ஆலைப் பேச்சை அவள் எடுத்து ரொம்ப நாளாயிற்று. மழை வருகிற மாதிரி இருக்கிறது, ஒரே புழுக்கம். பின்னறையில் ஃபேனை நானே போட்டேன்.