இரவல் விரல்கள்

19 ஒக்டோபர் 1997, ஞாயிறு

இன்றும் இவர் பூசைக்குப் பொத்தான் இல்லாத ரீசேட்டோடுதான் வந்தார். வெள்ளைச் சேட்டுக்குத் தெறி பூட்டி விடட்டோ என்று கேட்டது என் பிழை. "நான் என்ன குழந்தைப்பிள்ளையே?" என்று எரிந்து விழுந்தார்.

மாசி மாதம் ஒஷாவாவில் வேலை செய்யும் பக்டரியில் இவரின் இடக்கையின் சுட்டு விரலையும் நடு விரலையும் மெசின் கொண்டுபோனது. அன்றிலிருந்து அந்தக் கை காற்சட்டைப் பைக்குள்ளேயே குடியிருக்கிறது. எனக்குக்கூடக் காட்டுவதில்லை. கட்டின மனுசிக்கு என்ன ஒளிப்பு?

2 நவம்பர்

வேலைக் கூட்டாளி குலசிங்கம் அண்ணை போன் எடுத்தார். சனிக்கிழமை மான் வேட்டையாம். இவர் வருசா வருசம் போகிறவர்தான். ஆனால் இந்தக் கையோடு?

"நானும் வாறன்" என்றேன்.

"நீர் என்னத்துக்கு?"

"சோறு கட்டிக்கொண்டு வர."

சோற்றுக்கு மறுப்புச் சொல்ல இவரால் முடியாது.

8 நவம்பர், சனி

இவர் துவக்கை மரக்கட்டையில் சார்த்தி வைத்து ஒரே வெடி. மான் விழுந்தது. பாவம், கண் திறந்தபடி கிடந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

குலசிங்கம் அண்ணை றோட்டில் விட்ட வான் வண்டியைக் கொண்டுவரப் போனார். குடலை உடனே எடுக்காவிட்டால் இறைச்சி பழுதாகிவிடும். இவர் முழங்காலில் நின்று கையுறையைக் கழற்றினார். வயிற்றில் சின்னதாகக் கீறி, இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவற்றுக்கு நடுவேதான் கத்தி ஓடும். இல்லாவிட்டால் இரைப்பை கிழிந்து எல்லாம் நாசம்.

அதே இரண்டு விரல்கள். இவரிடம் இல்லாதவை.

மிச்ச விரல்களை வைத்துப் பார்த்தார். வழுக்கியது. திரும்பவும் வழுக்கியது. அண்ணை வருகிறாரோ என்று பாதையைப் பார்த்தார். மாதாவே, இந்தமுறை நான் ஒண்டும் கேக்கேல்லை. என் கையுறையை மட்டும் கழற்றினேன்.

"பிடியும்" என்றார்.

விரல்களை உள்ளே விட்டேன். அப்படி ஒரு சூடு. குளிரில் விறைத்த விரலுக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது.

"வெட்டுப்படும், பயமில்லையே?"

"பட்டால் உங்களுக்குச் சோடியாய் இருப்பன்."

சிரித்தார். மாசிக்குப் பிறகு இன்றுதான். கத்தி என் விரல்களுக்கு நடுவே மெல்ல வந்தது. குடல் ஒரு கீறல் இல்லாமல் முழுதாக வெளியே வந்தது. பிறகு போத்தல் தண்ணீரை ஊற்றி என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவி விட்டார். அந்தக் கையால்தான்.

வானோடு வந்த அண்ணை பார்த்து, "என்ன அருள்நாயகம், தனியவோ செய்தனீர்?" என்றார்.

"இல்லை அண்ணை, மக்டலீனும் நானும்."

9 நவம்பர்

எவ்வளவு அவித்தும் மான் இறைச்சி றப்பர். நல்லாயிருக்கு என்று இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். பொய்யர்.

30 நவம்பர், ஞாயிறு

பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தேன். இவர் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, தெறி பூட்டாமல், முன்னால் வந்து நின்றார். இரண்டு கையும் வெளியே இருந்தன.

"பிடியும்" என்றார், காட்டில் சொன்ன அதே குரலில்.

மேல் தெறியில் தொடங்கினேன். அவசரப்படாமல், ஆறுதலாகத்தான் பூட்டினேன். மல்வேர்ன் பஸ் போய்விட்டது. அடுத்ததில் போனோம்.