பிள்ளை வீட்டில், சரி

உவாஜிமா
மே 21

அன்பு மகன் கியோதகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாள் சேதி சொல்லும், மற்றபடி வாய்க்கும் கைக்கும் ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகள் சயோகோவும் குட்டிப் பேத்தி சுசுனேயும் அந்தக் குளிரிலும் மூடுபனியிலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குஷிரோவில் இப்போதுதான் செர்ரி பூக்கிறதாம், தொலைக்காட்சியில் சொன்னான். இங்கே அது உதிர்ந்து மாதம் ஒன்றரை ஆகிறது, இப்போது சரிவு முழுக்க ஆரஞ்சுப் பூதான். வாசனையில் தலை வலிக்கிறது என்று அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள், நான் திறக்கிறேன். சனிக்கிழமை ஒரு பெட்டி அனுப்பினோம். பழம் கொஞ்சம் புளிக்கும், சுசுனேவுக்குக் கொடுத்தால் தோலும் கொட்டையும் எடுத்துவிட்டுக் கொடு. அடியில் ஜாகோதென் மீன் அடை இருக்கிறது, அதை உடனே சாப்பிட்டுவிடுங்கள், பத்திரப்படுத்துகிறேன் என்று போன தடவை மாதிரி மறந்துவிடாதே.

சுற்றி வளைத்தது போதும். ஞாயிறன்று சயோகோ போன் பண்ணினாள். மூடி மறைக்க எனக்குத் தெரியாது, அவள் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு ஏப்ரலில் மருத்துவமனை மருந்தகத்துக்குத் திரும்பினாய். மூன்றாம் வாரம் ஒரு குழந்தையின் மருந்தைப் பத்து மடங்காக அளந்துவிட்டாய், பக்கத்தில் இருந்தவர் சரிபார்க்கும்போது பிடித்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நீ பார்த்தேயிராத அந்தக் குழந்தை உன் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்று அவளிடம் ஒரு தடவை சொன்னாயாம். மே மாதத் தொடர் விடுமுறை முடிந்ததிலிருந்து காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்புகிறாய், சாயந்திரம் காலிப் பெட்டியோடு வருகிறாய், ஆனால் மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் பண்ணி உனக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கிறார்கள். "அவர்கிட்ட கேட்கவும் பயமா இருக்கு மாமா, கேட்காம இருக்கவும் பயமா இருக்கு" என்றாள். அவள்மேல் கோபப்படாதே. ஊரில் யாரிடமும் சொல்லாமல் என்னிடம் சொன்னாளே, அதுவே பெரிது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முப்பது வருஷத்துக்கு மேல் உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும், என்னோடு வண்டி ஓட்டின இவாசாவுக்குத் தெரிந்திருந்தது, அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி உனக்கும் தெரியட்டும்.

உனக்கு மூன்று வயதாகும்போது அம்மா நுரையீரலுக்காக மலை ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் எட்டு மாதம் கிடந்தாள், அது உனக்குத் தெரியும். ஆம்பிளை குழந்தை வளர்க்க லீவு போடுவது அப்போது கேள்விப்படாத சமாசாரம். ரயில்வேயில் நான் சம்பளமில்லாத லீவுக்கு எழுதிக் கொடுத்தபோது ஓட்டுநர் அறையே சிரித்தது. "தெராவோ, திரும்பி வரும்போது தாலாட்டு பாடிக்கிட்டே வண்டிய எடுப்பியா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன். சமையல் வந்தது, துவைப்பது வந்தது, உனக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கு வைத்தியமும் வந்தது. சிக்னலுக்கும் கதவுக்கும் விரல் நீட்டிச் சரி என்று சத்தமாகச் சொல்லும் பன்னிரண்டு வருஷ ஓட்டுநர் பழக்கம் விடவில்லை, வீட்டிலும் எல்லாவற்றுக்கும் அப்படியே சொல்வேன். கேஸ் மூடியாச்சு, சரி. கதவு, சரி. நீயும் உன் குட்டி விரலை நீட்டி, சரி, சரி என்று என் பின்னாலேயே வருவாய். ஒரு நாள் மதியம், அக்டோபர் மாதம், மெத்தைகளை வெயிலில் போட்டுவிட்டு அதன்மேலேயே தூங்கிப் போனேன். கதவு பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் விரல் நீட்டவில்லை.

நீ மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு அப்பா வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிட்டாய். பழத்தோட்டச் சரிவுக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறதே, அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் நின்று கையாட்டியிருக்கிறாய். ஓட்டி வந்தவன் இவாசா. பதினோரு அடி தள்ளி நிறுத்தினான். இறங்கி உன்னைத் தூக்கிக்கொண்டு, பயணிகளை அப்படியே விட்டுவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்து என்னை எழுப்பினான். வண்டி ஏழு நிமிஷம் நின்றது. அறிக்கையில் "தண்டவாளத்தில் காட்டுப்பன்றி" என்று எழுதினான். பன்றிக்காக அவன் இறங்கி ஓடினான் என்று சாகிற வரைக்கும் அவனைக் கிண்டல் பண்ணினார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை அவன். நீ அன்று சாயந்திரம் முட்டை சாதம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாய். நான்தான் சாப்பிடவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வசந்தத்தில் வேலைக்குத் திரும்பினேன். ஒரு மாதம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்தார்கள், குறை இல்லை. முதல் நாளே கிளம்பும்போது "கதவு மூடியாச்சு" என்பதற்குப் பதில் "காய்ச்சல் இல்லை, சரி" என்று கத்திவிட்டேன், பள்ளிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது போகட்டும். தனியாக ஓட்டின முதல் நாள் அந்த வளைவில் மஞ்சள் தொப்பி நின்றது. முழு பிரேக் போட்டேன். ஒரு கிழவியின் கூடை உருண்டு பெட்டி முழுக்கப் பழம். இறங்கித் தேடினேன், தொப்பியும் இல்லை பிள்ளையும் இல்லை. அடுத்த வாரம் மறுபடி. மேலதிகாரி ஷினோதா கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள் என்றார். அப்படிச் சொன்னால் இனி வண்டி கையில் கிடைக்காது என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போதுதான் உயிர் பிழைத்து வந்தவளிடம் என்னவென்று சொல்ல? தினமும் சீருடை போட்டு, சாப்பாட்டுப் பெட்டியும் வெள்ளைக் கையுறையும் எடுத்துக்கொண்டு, மீன்பிடித் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரில் போய் உட்காருவேன். ஆகவே உன் காலிப் பெட்டியைப் பற்றிச் சயோகோ சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, கியோதகா. சோற்றைக் கடலில் கொட்டாமல் மென்று விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் சாயந்திரம் அம்மா கையுறையை மேஜைமேல் வைத்தாள். "பிரேக் பிடிக்கிறவர் கையுறை விரல் இப்படி வெளுப்பாவா இருக்கும்? எட்டு நாளா துவைச்சதையே துவைச்சிக்கிட்டு இருக்கேங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் தூங்கினதையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. பிறகு கேட்டாள், "அங்க நிக்கிறது யாரு?" நம்ம பிள்ளை என்றேன். "அவன் இப்ப எங்க?" குளியல் தொட்டியில் நீ தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்ப அதச் சொல்லிட்டுப் போங்களேன். சிக்னலுக்கு விரல் நீட்டறீங்க, கதவுக்கு நீட்டறீங்க, பெத்த பிள்ளைக்கு மட்டும் வாய் வராதாக்கும்?"

மறுநாள் ஷினோதாவிடம் போய் நின்றேன். அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தைரியம் வந்த பிறகு போனேன் என்று நினைக்காதே, பயத்தோடுதான் போனேன். அந்த வளைவில் இருபத்தைந்துக்கு மேல் வேகம் கிடையாது, பார்க்க நேரம் இருக்கும். மஞ்சள் தொப்பி நின்றது. எல்லாவற்றுக்கும் நிழல் விழுந்தது, அதற்கு மட்டும் விழவில்லை. விரலை நீட்டி, "பிள்ளை வீட்டில், சரி" என்றேன். தாண்டிப் போனோம். ஷினோதா நோட்டைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒண்ணு விதியில கிடையாது" என்றார். அப்புறம் அடுத்த நிலையம் வரும்போது, "சொல்றதுன்னா சத்தமா சொல்லு, முணுமுணுக்காதே" என்றார். அதோடு சரி.

அது போய்விட்டது என்று சொன்னால் பொய். ஓய்வு பெறுகிற வரைக்கும் நின்றது, இன்னும் நிற்கிறது. நீ வளர்ந்தாய், அது வளரவில்லை. நீ படிக்கப் போன பிறகு வீட்டில் என்று சொல்ல முடியாதே, கண்ணால் கண்டதையும் நிச்சயமாகத் தெரிந்ததையும்தான் சொல்ல வேண்டும், அது எங்கள் தொழில் தர்மம். "மகன் சப்போரோவில், சரி" என்றேன். பிறகு "மகன் மருந்தகத்தில், சரி". ஓய்வு பெற்ற பிறகும் காலை ஏழு இருபது வண்டி போகும் நேரத்துக்குத் தோட்டப் பாதையில் நடந்து போய் ஒரு தடவை சொல்லிவிட்டு வருவேன். அம்மா கிண்டல் பண்ணுவாள், பண்ணட்டும். போன வருஷம் முழுக்க "மகன் குழந்தையோடு, சரி" என்று சொன்னேன். என் வாழ்நாளில் அதை மாதிரி வாய்க்கு இதமான வார்த்தை சொன்னதில்லை.

திங்கள் காலை போனேன். தொப்பி நின்றது. விரலை நீட்டினேன். வாய் வரவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி போய்விட்டது, அது அங்கேயே நின்று என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மூன்று நாளாக இப்படித்தான்.

நாளைக்கே மருந்தகத்துக்குப் போ என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தை பிழைத்துத் தன் வீட்டில் இருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்ல உனக்கு வாய் வருகிற நாள் வரட்டும். சயோகோவிடம் இன்று சொல்லிவிடு, அவள் பாதி தெரிந்துகொண்டு தவிப்பது அநியாயம். எனக்கு ஒரு கார்டு போடு. நீ இருக்கிற இடத்தை மட்டும் எழுது, வேறொன்றும் வேண்டாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தால் ஆற்றங்கரை என்றே எழுது. "மகன் ஆற்றங்கரையில், சரி" என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வருகிறேன்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மீன் அடையை மறக்காதே. அம்மா பக்கத்தில் நின்று, கையுறை விஷயத்தை எழுதினீர்களா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் அப்பா,
தெராவோ யசுமாசா