இரண்டு வீட்டிலும் உன் பெயர்

மார்ச் 12, வியாழன், காலை 11.20. நம்மைக் கட்டிப்போட்டிருக்கும் விலைகள்: இரண்டு.

அடுத்த அறையில் தூங்குகிறவளே,

இன்று பகல் பன்னிரண்டு மணி கெடு வைத்து, நேற்று துறைமுக வீட்டுக்கு விலை சொன்னோமே. காலையில் எவனோ அதற்கு மேல் கேட்டான். நம் விலை செத்தது என்று நினைத்து, மலையடி வீட்டுக்கும் விலை சொல்லிவிட்டேன். அதே கெடு. உன் பெயரையும் சேர்த்துத்தான். உன்னை எழுப்பிக் கேட்கவில்லை. இரவு முழுதும் மருத்துவமனைப் பணியில் நின்றுவிட்டு வந்திருந்தாய்.

இப்போது துறைமுக வீட்டுத் தரகர் ஐவின் கூப்பிட்டார்.

"அந்த ஆளுக்கு பேங்க்ல கைவிரிச்சுட்டாங்கப்பா. வீட்டுக்காரம்மா உங்க விலைய யோசிக்கிறாங்க."

"அதான் காலையிலயே போயிடுச்சே!"

"எங்க போச்சு? அவங்க வேணாம்னு சொல்லணும், இல்ல கெடு முடியணும். அதுவரைக்கும் உசுரோடதான் இருக்கும். இந்த பேர்கன் ஊர்லயே பொறந்த இன்ஜினியருக்கு இதுகூடத் தெரியாதா?"

இந்த ஊர்ச் சட்டப்படி, கெடு முடியும்வரை சொன்ன விலையைத் திரும்ப வாங்க முடியாது. இரண்டு வீட்டுக்காரர்களும் சரி என்றால் இரண்டு வீட்டையும் நாம் வாங்கியாக வேண்டும். பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற நான், இரண்டு விலையையும் மறுபடி மறுபடி கூட்டிப் பார்க்கிறேன்.

பக்கத்தில் இருந்தும் சொல்லத் துணியாதவன்.

இனிச் செய்யப்போவது:

1. பன்னிரண்டு வரை கைப்பேசியைக் கீழே வைக்கமாட்டேன்.
2. ஒரு வீடு மட்டும் கிடைத்தால் காபியோடு வந்து எழுப்புவேன்.
3. இரண்டும் கிடைத்தால் எழுப்பமாட்டேன். நீயாக விழிக்கும்வரை கதவருகே உட்கார்ந்திருப்பேன்.