துரை கடித்த மத்தியானம்

என் முகத்தைப் பார்த்தே என் உடம்பைச் சொல்லிவிடுகிற பாக்கியத்துக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. உன் நலத்தை எந்தத் தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார்? அதனால் இங்கத்துச் சேதியை மட்டும் சொல்கிறேன். உன் பூனை துரைக்கு அடிபட்டுவிட்டது. பதறாதே, உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் நடுவில் ஒரு மத்தியானம் அவனை நானே உன்னிடம் அனுப்பிவைக்கப் பார்த்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ போன பிறகு துரை அடுப்படியை விட்டு நகரவில்லை. பட்டினியாகவே கிடந்தான். பிறகு ஒரு நாள் சாப்பிட ஆரம்பித்தான் பார், என் தட்டுக்கும் சேர்த்து வாய் வைத்தான். ஆனால் தின்னத் தின்ன இளைத்தான். தண்ணீர்ச் சட்டியில் தலையை விட்டால் எடுப்பதே இல்லை. "அக்காவை நெனச்சு ஏங்குதுண்ணே" என்றாள் பக்கத்து வீட்டு ரோசம்மா. அவளுக்குப் பல்லிக்கு வால் அறுந்தாலும் துக்கம்தான் காரணம்.

எனக்கு விஷயம் தெரிந்தது கொல்லையில். துரை போய் வந்த சாம்பல் மேட்டில் எறும்பு மொய்த்திருந்தது. எனக்குச் சுரீர் என்றது. அது எனக்குப் பழக்கமான எறும்பு அல்லவா? எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லும் முன்பே அதைச் சொன்னது இதே கொல்லையும் இதே எறும்பும்தானே.

ஒரு தகர மூடியை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே அலைந்து, எப்படியோ அவன் நீரைக் கொஞ்சம் பிடித்துவிட்டேன். என் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினேன். நீலம் நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் நிறைய. துரையினுடையது மஞ்சளில் நிற்காமல் நேரே செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

மாட்டாஸ்பத்திரிக்குச் சாக்குப்பையில் போட்டுத் தூக்கிப்போனேன். எனக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் ஒரு ஜோடிக் காளை. "என்ன பெரியவரே, பூனைக்கு லாடம் அடிக்கவா?" என்றான் காளைக்காரன். செக்கிங் இன்ஸ்பெக்டராக வடமதுரை ரோட்டில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கின காலத்தில் என் குரலைக் கேட்டே டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியாகக் குதித்திருக்கிறான். அந்தக் குரலை அன்றைக்கு ஒரு தடவை வெளியே எடுத்தேன். காளைகூடத் தலையைத் திருப்பிக்கொண்டது.

மாட்டு டாக்டர் நல்ல மனுஷர். "பூனைக்குச் சர்க்கரை வரும்னு படிச்சிருக்கேன்யா. கண்ணால இப்பத்தான் பாக்கேன்" என்றார். என் இன்சுலினையே போடலாம், ஆனால் ஒரு துளிதான் என்று சொல்லி, ஊசியில் எந்தக் கோடு என்று காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து குளிர்ச்சிக்காக நீ ஈர மணல் சட்டியில் புதைத்து வைப்பாயே, அந்தப் புட்டிக்கு இரண்டு பங்காளி. காலையில் முதலில் எனக்கு, பிறகு அவனுக்கு. எனக்குப் போடும்போது நான் முனகுவேன், அவனுக்குப் போடும்போது அவன் என்னைக் கீறுவான். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சதையும் கொஞ்சம் பிடித்தது.

அப்போதுதான் அந்த ஜட்கா வந்து சேர்ந்தது. தெருவில் நிழலுக்காக வண்டியடியில் படுத்திருக்கிறான் துரை. குதிரை என்ன நினைத்ததோ, இரண்டடி முன்னால் வைத்துவிட்டது. சக்கரம் பின்னங்காலில் ஏறி இறங்கியது. எலும்பு தப்பித்தது, தோலும் சதையும் கிழிந்து தொங்கின. வண்டிக்காரனைத் திட்டுவதற்குக்கூட எனக்கு நேரமில்லை. மறுபடியும் சாக்குப்பை, மறுபடியும் மாட்டாஸ்பத்திரி.

டாக்டர் கழுவித் தையல் போட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காயம் பட்டா ஒடம்புல சீனி ஏறும்யா. சீனி ஏறுனா காயம் ஆறாது, சீப்பிடிச்சுரும். அதனால ஊசியை விட்டுறக் கூடாது. ஆனா வலியில இது சாப்பிடாது. சாப்பிடாத வயித்துல ஊசி போட்டா சீனி ஒரேயடியா எறங்கி, பேச்சுமூச்சில்லாமப் போயிரும்."

"அப்ப போடவா, வேணாமா?" என்றேன்.

"பாத்துப் போடுங்க."

பாத்துப் போடுவதாம். எதைப் பார்த்துப் போடுவது? பூனை வாய் திறந்து சொல்லுமா, எனக்குத் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்று? நானாவது சொல்வேன். நானும் எங்கே சொன்னேன்? நீயாகத்தானே கண்டுபிடித்தாய்.

அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவன் இரண்டு வாய் மீன் தின்றால் பாதி உயிர் வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் அது போய்விடும். தூங்கினால் தூங்குகிறானா, மயங்கிக் கிடக்கிறானா என்று சந்தேகம். போய் விரலால் ஒரு குத்துக் குத்துவேன். உர்ர்ர் என்பான். அப்பாடா என்று திரும்பி வந்து உட்காருவேன். செத்த நேரத்தில் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.

நீயும் குத்துவாய், நினைவிருக்கிறதா? மத்தியானம் சாய்வு நாற்காலியில் நான் கண்ணசந்தால் உனக்குப் பொறுக்காது. வந்து தோளில் ஒரு குத்து. "என்னங்க, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏண்டி, காலண்டர் செவுத்துல தொங்குதுல்ல, கண்ணு அவிஞ்சா போச்சு? மனுசனைத் தூங்க விடமாட்டியா?"

நீ ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விடுவாய். மறுநாளும் அதே குத்து, அதே கிழமை. இவளுக்கு எருமைத் தோல், எத்தனை திட்டினாலும் உறைக்காது என்று நினைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

துரைக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் அவன் நீரைக் காய்ச்சினால் மறுபடியும் செங்கல் நிறம். முந்தின நாள் வரைக்கும் மஞ்சள்தான். காயத்தால் ஏறிவிட்டது, இனிமேல் புண் சீப்பிடித்துவிடும் என்று பயந்துபோனேன். ஊசியில் ஒரு கோடு கூட்டிப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மீனை வைத்தேன். அவன் தொடவில்லை. கொஞ்சம் கழித்துத் தின்பான் என்று இருந்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். துரை தலையைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். நீ இருந்த வரைக்கும் என் பக்கமே வராதவன், நீ போன பிறகும் ஊசிக்காரன் என்று என்னை முறைத்தவன். காலில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், ஒரு முனகல் இல்லை. அட, கடைசியில் நம்மோடு ஒட்டிக்கொண்டானே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாக்கியம், பெரிய பாசக்காரன் மாதிரி.

குழம்பு கொண்டுவந்த ரோசம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏண்ணே, இது ஏன் இம்புட்டுச் சாதுவாக் கெடக்கு?"

"பிரியம் வந்துருச்சும்மா. பூனையும் மனசு மாறும்ல."

"பிரியமாவது ஒண்ணாவது! சாதுவா இருந்தா ஆபத்துண்ணே! அக்கா சொல்லும்ல!" என்று கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். உன் சீனி டப்பா எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கவில்லை. நேரே போய் எடுத்து வந்தாள்.

சீனியைத் தண்ணீரில் குழைத்து அவன் ஈறில் தடவினேன். வாய் தானாகத் திறந்து தானாக மூடியது. பின்னங்கால் லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. மறுபடியும் தடவினேன். ரோசம்மா மாதாவைக் கூப்பிட்டாள். நான் நீ போகிற தாடிக்கொம்புப் பெருமாளைக் கூப்பிட்டேன், உனக்குத் துணையாகக்கூட அந்தப் படி ஏறாத நான். பெருமாளே, இவள் விட்டுப் போனதில் எனக்கு மிச்சம் இந்த ஒரு உயிர்தான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

எவ்வளவு நேரமோ தெரியாது. விரலை மறுபடியும் வாய்க்குள் விட்டேன். நறுக்கென்று கடித்தான்.

ரத்தம் வந்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. காதை மடக்கிக்கொண்டு, பழைய துரையாக, என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பாக்கியம். அடக்கமுடியாத சிரிப்பு. சிரிக்கும்போதே இந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. அது உன் சிரிப்பு. நான் கத்தினவுடன் நீ சிரித்துவிட்டுப் போவாயே, அதே சிரிப்பு.

என் விரலில் துணி சுற்றிவிட்டு ரோசம்மா மெல்ல வாயைத் திறந்தாள். "அண்ணே, நேத்துச் சாயங்காலம் நீங்க கடைக்குப் போயிருந்தப்ப, அடிபட்ட சீவன், தெம்பு வேணுமேன்னு, பால்ல சீனி போட்டு வச்சேன். நல்லாக் குடிச்சுச்சு."

அப்போதுதான் செங்கல் நிறத்துக்குக் காரணம் தெரிந்தது. காயமும் இல்லை ஒன்றும் இல்லை, இவள் சீனிப் பால். அதை நம்பித்தான் நான் கோட்டைக் கூட்டியிருக்கிறேன். தெருவே கேட்கிற மாதிரி திட்டினேன். அவள் கொஞ்சமும் அசையாமல் கேட்டுக்கொண்டு, "திட்டுங்கண்ணே, திட்டுங்க. நீங்க சொகமாத்தான் இருக்கீங்க" என்றாள்.

"அதென்னம்மா கணக்கு?"

"அக்கா கணக்குண்ணே. 'எங்க வீட்டுக்காரர் திட்டுனா சொகமா இருக்காரு. நல்லபடியாப் பேசுனா சீனி எறங்கிருச்சு'ன்னு சொல்லும். ஒரு நா மத்தியானம் நீங்க அக்கா கையைப் புடிச்சுக்கிட்டு, 'பாக்கியம், நீ ரொம்ப நல்லவ'ன்னு சொன்னீங்களாம். அம்புட்டுத்தான். அலறிக்கிட்டு சீனி டப்பாவைத் தூக்கியாந்து உங்க வாயில கொட்டுச்சு. நானும் ஓடியாந்தேன்ல."

எனக்கு அந்த நாள் தெரியும். நான் சொன்ன வார்த்தை மட்டும் தெரியாது. கண் விழித்தபோது வாயெல்லாம் சீனி, வேட்டியெல்லாம் சீனி. "மனுசனை எறும்புக்குத் தின்னக் குடுக்கவா பாக்குறே?" என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்றுகூடக் கேட்டேன்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் உன்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தையை நீ வியாதி என்று எடுத்துக்கொண்டாய். உன்மேல் தப்பே இல்லை. நீ கணக்குப் போட்டது சரி, விடையும் சரி. அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. உடம்பு நன்றாக இருந்த எத்தனை மத்தியானங்கள் வந்து போயின? ஒரு தடவை, நல்ல நினைவோடு, அதைச் சொல்லியிருந்தால் என் வாய் வெந்தா போயிருக்கும்?

சீனி டப்பாவைத் தேடி ஓடும் முன்னால் ஒரு கணமாவது நின்றாயா? இது மெய்யாகவே இவர் மனசிலிருந்து வருகிறது என்று ஒரு கணம் நம்பினாயா? ரோசம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் சொல்லலண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாதா, சொல்ல மனமில்லையா?

உன் கடைசிக் காய்ச்சலிலும் அதட்டத்தான் செய்தேன். கஞ்சியைக் குடி, ஏன் இந்தப் படுத்துப் படுத்துகிறாய் என்று. அதட்டினால் எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன். எனக்கு வேறு மருந்து தெரியவில்லை. நீயும் ஒரு சிரிப்புச் சிரித்தாய். நான் சுகமாக இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டுதான் போனாயா?

துரைக்குப் புண் வாய் மூடிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறான். நீர் இப்போது பச்சையில் நிற்கிறது. சாப்பிட்ட பிறகுதான் ஊசி, கோட்டைக் கூட்டுவதில்லை. தினமும் மத்தியானம் ஒரு குத்துக் குத்துகிறேன், தினமும் கீறுகிறான். ரோசம்மா என் கையைப் பார்த்துவிட்டு, துரை நன்றாக இருக்கிறதா என்று கேட்காமலே போகிறாள். எனக்கும் அவள் தெருவிலிருந்தே குரல் கொடுக்கிறாள்: "அண்ணே, இன்னைக்கு என்ன கெழமை?" நீ சொல்லிவைத்துப் போயிருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. நானும் விடாமல் கத்துகிறேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீயாகக் கேட்கும் வரைக்கும் துரையை அனுப்பமாட்டேன். அவனுக்காகவாவது வேளைக்குச் சாப்பிடுவேன். நான் போய்விட்டால் அவனைக் குத்தி எழுப்ப யார் இருக்கிறார்கள்?

இன்னும் ஒன்று. இன்று காலை என் நீரையும் காய்ச்சிப் பார்த்தேன், பச்சைதான். கேழ்வரகுக் களியும் கீரை வெஞ்சனமும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். வேர்க்கவில்லை. கை நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இன்று வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பார்க்காமல் சொல்கிறேன்.

பாக்கியம், நீ ரொம்ப நல்லவள்.

சீனி டப்பாவை எடுக்க ஓடாதே. நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
நீ பேர் சொல்லாமல் ஊரெல்லாம் சொன்ன
உன் வீட்டுக்காரர்