டாக்டர் துரை போட்ட நாற்காலி

சித்தியவான்,
1927 ஆகஸ்டு 14

என் செல்ல மகள் பெட்ரீசியாவுக்கு அப்பா கஸ்பார் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையாலும் தேவமாதா துணையாலும் நானும் உன் அம்மாவும் இங்கே ரப்பர்த் தோட்டத்தில் சுகம். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் தாதி வேலை படிக்கும் நீயும் நல்ல சுகத்தோடிருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். பார், வழக்கம்போலச் சுகம் என்று எழுதிவிட்டேன். இந்த ஒரு சொல்லால் உன் அப்பன் பட்ட பாடு கொஞ்சமா!

கால் பெருவிரல் வீங்குவதை முன்பே எழுதியிருந்தேன். ஜூன் மாதம் அது மறுபடி வந்தது. அடேயப்பா, அது என்ன வலி! கைலி நுனி பட்டால்கூட உயிர் போய்விட்டு வந்தது, உன் அம்மா பலகையில் நடந்தாலே அதிர்கிறது என்று கத்தினேன், அப்படியென்றால் பறந்தா போவேன் என்று அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. தோட்டத்தில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் ஜெயபாலனோ, "கள்ளுக்கடைப் படியில இடிச்சிக்கிட்டு வந்து கதை விடாதீங்க மண்டோரே" என்று சிரித்தான். ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறை வரும் டாக்டர் துரை கேட்டதும் இரண்டே கேள்வி, எத்தனை நாள் வீங்கியது, இப்போது வற்றிவிட்டதா. நானும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்பதுபோல விறைப்பாக நின்று, வற்றிவிட்டது துரை, சுகம் துரை என்றேன். நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், முனகினால் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். வேலைக்கு லாயக்கு என்று எழுதிவிட்டுப் போனார். நாலாம் நாளே கால் மறுபடி வீங்கியது, பெரட்டுக்குப் போக முடியவில்லை. லாயக்கான ஆள் ஏன் வரவில்லை, பொய்க்காரன், அடுத்த மாதம் டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலையைப் பிச்சைமுத்துவுக்குக் கொடுக்கிறேன் என்று தோட்டத்துப் பெரிய துரை சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷ வேலை அம்மா. சோறு இறங்கவில்லை எனக்கு.

கால் வீங்குவதை எழுதியதற்கு உன் பதில் அப்போதுதான் வந்தது. டாக்டருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்காதீர்கள் அப்பா, அவர் வீக்கத்தைத்தான் பார்ப்பார், உங்களால் என்னென்ன முடியவில்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் பெற்ற பிள்ளை எனக்குப் புத்தி சொல்வதா என்று முதலில் ரோஷம் வந்தது, சொல்லிவிடுகிறேன். ஆனாலும் போன வாரம் அவர் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். போர்வை படக்கூடாது, மூன்று ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, பிள்ளைகள் ஓடிவந்தால் காலை இழுத்துக்கொள்கிறேன், வலி இல்லாத நாளிலும் நாளைக்கு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பொழுது போகிறது என்றேன். ஜெயபாலன் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றார். வெள்ளைக்காரனுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன் பாப்பா, என் ஆயுசில் முதல் தடவை!

இது கௌட்டு என்ற நோயாம், நிஜமான நோய், பொய் இல்லை என்று பெரிய துரைக்கு எழுதிக் கொடுத்தார். வேலை தப்பியது. கசப்பு மருந்து கொடுத்திருக்கிறார், கள்ளும் ஈரலும் நெத்திலியும் கூடாதாம். கள்ளையும் விட்டுவிட்டேன், உன் அம்மா சாட்சி. அவர் ஊரில் இது பிரபுக்களுக்கு வரும் நோய் என்று சிரித்தார், அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா லயத்து வீடுகள் முழுக்க, எங்க வீட்டுக்காரருக்குத் துரைமார் நோய் என்று பெருமையடிக்கிறாள். எனக்குப் பெருமை அதில் இல்லை. இப்படிப் பேச யார் சொல்லிக் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். என் மகள் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, பூசையை விடாதே. இன்னொன்று. உன் வார்டுக்கும் தோட்டத்து ஆட்கள் வருவார்கள், விறைப்பாக நின்று சுகம் என்பார்கள். நம்பாதே அம்மா. முதலில் ஒரு நாற்காலி போடு.

சகல ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
மண்டோர் கஸ்பார்