வராந்தா பெஞ்சில் கேட்டது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஆண்டவருடைய கிருபையில் நானும் மகளும் நலம். உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள். பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் பழக்கம் இந்த ஒரு கடிதத்துக்கு வேண்டாம்.

“படிப்ப நிறுத்தினாலும் பரவாயில்ல, சர்ச்சுல மட்டும் போய்க் கை நீட்டாத” என்று எழுதியிருந்தீர்கள். நீட்டிவிட்டேன். சுற்றி வளைப்பானேன்?

உங்கள் கம்பெனி நான்கு மாதமாக அரைச் சம்பளம்தான் கொடுக்கிறது. என் கடைசிப் பருவக் கட்டணத்துக்குப் போன வெள்ளிக்கிழமை கெடு. கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், படித்த மூன்று பருவமும் ஆற்றில் கரைத்த புளி. ஒன்பது வருடமாக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி மடித்துக்கொண்டிருக்கிறேன். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஆய்வகம். சமுதாயக் கல்லூரிச் சான்றிதழ் கையில் இருந்தால் அங்கே ரத்தம் எடுக்கும் வேலை. கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிறவள் என்று சிரிப்பீர்களே, இப்போது ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறேன். மகள்தான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பக்கத்தில் வருகிறாள்.

நம் சர்ச்சில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காணிக்கை முழுவதும் கஷ்டப்படுகிற சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்குத்தான். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் போதகர், பேக்கரிக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஆகியோரோடு நானும் மூன்று வருடமாக இருக்கிறேன். பாடகர் குழு பயிற்சி செய்கிற அறையில் உட்காருவோம். கேட்க வந்தவரிடம் விவரம் விசாரிப்போம். பிறகு, “கொஞ்சம் வெளிய இரும்மா” என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம். வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு.

புதன்கிழமை அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட திறப்பில் கண்ணாடியே இல்லை. உள்ளே திரைச்சீலை தொங்குவதால் எங்கள் யார் கண்ணிலும் அது பட்டதில்லை. உள்ளே மூச்சு விட்டால்கூட வெளியே கேட்கிறது.

பேக்கரிக்காரர் குரல் தெளிவாக வந்தது. “புருஷன் வெளிய சம்பாதிக்கிறாரு. இந்த வயசுல இவங்க படிச்சு என்ன பண்ணப் போறாங்க? சின்னப் பசங்களுக்குக் குடுக்கலாமே” என்றார். எனக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

அப்போதுதான் நெஞ்சில் ஒன்று இடித்தது. போன வருடம் தையல் தொழில்நுட்பம் படிக்கிற ஒரு பெண் வந்தாள். அவளை வெளியே அனுப்பியதும், “கையில போன் மட்டும் பளபளன்னு இருக்கே” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவள் நான்தான். கூப்பிடப் போனபோது பெஞ்சில் ஆள் இல்லை. தேவையில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு அடுத்தவரை அழைத்தோம். மூன்று வருடமாக எத்தனை பேர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து எங்களைக் கேட்டிருப்பார்கள்!

கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். எனக்கு நாற்பத்தொன்று, ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது வருடம் இருக்கிறது, அத்தனை வருடமும் ரத்தம் எடுப்பேன் என்றேன். பேக்கரிக்காரர் தலை நிமிரவில்லை. பிறகு மூன்று பேரையும் முறை வைத்து பெஞ்சில் உட்காரவைத்தேன், போதகர் உட்பட. உள்ளே ஒருவர் மெதுவாக வசனம் வாசித்தால் போதும், வெளியே இருப்பவருக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை. கணக்கு டீச்சர் திரும்பி வந்து வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டணத்துக்கு ஒப்புதல் ஆயிற்று. முதல் கையெழுத்து பேக்கரிக்காரருடையது. வியாழக்கிழமை கல்லூரியில் கட்டியாகிவிட்டது. குழுவிலிருந்து என்னை விலகச் சொல்லவில்லை, சொன்னாலும் விலகுவதாக இல்லை. இனி கேட்க வருபவர் விவரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பதில் ஒட்டிய உறையில் வீடு தேடி வரும். பெஞ்சை சனிக்கிழமை காலை நானும் போதகரும் தூக்கிக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டோம்.

அன்று மாலையே அந்தத் தையல் படிப்புப் பெண்ணைத் தேடிப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே துணிக்கடையில் சட்டைகளுக்கு ஊசி குத்தி அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். “போன் என் மாமா பொண்ணோடது அக்கா, கண்ணாடி மட்டும் புதுசு. நீங்க சொன்னதுகூடப் பரவாயில்ல, எல்லாரும் சிரிச்சீங்க பாருங்க” என்றாள். ஜூன் மாதம் திரும்பச் சேருகிறாயா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள். அவள் யோசித்து முடிக்கும் வரை வாராவாரம் போய் நிற்பேன், என்னை உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. அங்கே உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியனின் மனைவி, இங்கே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறீர்களாம், மிச்சம் பிடித்து என் கட்டணத்துக்கு வைக்கிறீர்களாம். அந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதாத வரி இதுதானா? நீங்கள் பட்டினி கிடந்த காசில் நான் வாங்குகிற சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டுவது?

கட்டணம் கட்டியாயிற்று. சேர்த்து வைத்ததை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்புவேன். இன்று ராத்திரி அறையில் அடுப்பைப் பற்ற வையுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சாப்பிடுகிற வேலையை மட்டும் நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்காத
உங்கள் மனைவி